பன்னாட்டுக் கருத்தரங்கில் ஒரு ஞானத்தாய்

மலையடிவாரம் கலை அறிவியல் கல்லூரிக்கு ஒரே ஒரு குறைதான். கட்டடம் இருந்தது. கட்டடத்துக்குள் பிள்ளைகள்கூட இருந்தார்கள். ஆனால் பன்னாட்டுக் கருத்தரங்கு என்று ஒன்று அங்கே நடந்ததே இல்லை. தரம் பார்க்கிற குழு வரப்போகிறது என்று தாக்கல் வந்ததும் முதல்வர் சண்முகராஜ் பழைய கோப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்தார். பாடம் நடக்கிறதா என்று குழு கேட்காது, கேட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். பன்னாட்டுக் கருத்தரங்கு எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது? கம்பம் ரோட்டில் திராட்சைப் பந்தலுக்கு நடுவே நிற்கிற கல்லூரிக்கு எந்த நாட்டுக்காரன் வருவான்?

ஆங்கிலத்துறைத் தலைவி சுகிர்தம் மேடம்தான் வழி சொன்னது. ஒரே ஒரு பழைய ஆங்கில வார்த்தையை எடுத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசலாம். காசிப் என்கிற வார்த்தை. நாம் கிசுகிசு என்கிறோமே, அது.

"ஒரு வார்த்தைக்கு ஒரு நாளா மேடம்?"

"ரொம்பப் பழைய வார்த்தை சார். ஆயிரம் வருசத்துக்கு முந்தி அதுக்கு அர்த்தமே வேற."

"பழசுன்னா சரி. பழசுக்கு மார்க் உண்டு" என்றார் முதல்வர்.

பன்னாட்டுக்குக் கேரளத்துக் குமுளியிலிருந்து சசிதரன் என்கிறவரைப் பிடித்தார்கள். அவர் அங்கே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர். இளமையில் கொஞ்ச நாள் மஸ்கட்டில் இருந்தாராம். "லோயர்கேம்ப் செக்போஸ்ட்டைத் தாண்டி வர்றாரு. இதுக்கு மேல என்னய்யா வெளிநாடு?" என்று முதல்வர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

மிச்சமிருந்தது சமூகத் தொடர்பு. கல்லூரி பொதுமக்களோடு உறவாடுகிறது என்று காட்ட வேண்டும். உறவாட ஒரு பொதுமக்கள் வேண்டுமே. அதற்குத்தான் சகாயராணி அகப்பட்டாள்.

சகாயராணிக்குப் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மாதா கோயில் தெரு. திராட்சைத் தோட்டங்களில் பழம் வெட்டப் போகிறவள். கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்த அவளைத்தான் ஊரே தேடும். அவள் ஏந்தின பிள்ளைக்குச் சளிகூடப் பிடிக்காது என்று ஒரு பேர். முதல் முதலில் அவள் ஏந்தியது ரீட்டாவை. சொந்தப் பிள்ளை இல்லாத குறையை அவளை வைத்துத்தான் ஆற்றிக்கொண்டாள். அந்த ரீட்டாவுக்குத்தான் இப்போது சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை ஜஸ்டின், தேனியில் பேங்க் வேலை. ஜஸ்டினைப் பெற்றவள் வேறு யாருமில்லை, நம்ம சுகிர்தம் மேடம்தான்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "இவுகதான் புள்ளைக்கு ஞானத்தாய்" என்று யாரோ கை காட்டியதும் மேடத்தின் கண் விரிந்துவிட்டது.

"நீங்கதானா! எங்க கருத்தரங்கு வார்த்தையோட முதல் அர்த்தமே நீங்கதாம்மா. அவசியம் வரணும். புள்ளைய ஏந்திக்கிட்டு நிக்கிற பழைய போட்டோ இருந்தாக் கொடுத்து விடுங்க."

பாராட்டுகிறாளா, பழி போடுகிறாளா என்று சகாயராணிக்கு விளங்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவள் கேட்கிறாள், மாட்டேன் என்றால் ரீட்டாவுக்குத்தானே பாதகம். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

இங்கன ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரீட்டாவைப் பற்றிச் சகாயராணிக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரீட்டா சிஸ்டராகப் போகிறேன் என்று திருச்சிப் பக்கம் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். ஊரே மேளம் வைத்து வழியனுப்பியது. போன இடத்தில் பிள்ளைக்கு ஒட்டவில்லை. மேளம் வைத்து அனுப்பின ஊருக்கு எந்த முகத்தோடு திரும்பி வருவது? மடத்தை விட்டு வெளியேறியவள் நேரே எர்ணாகுளம் போய் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். பெண்கள் விடுதியில் தங்கல். மூன்று நான்கு மாதம் ஓடிவிட்டது. பெற்றவர்கள் பிள்ளை மடத்தில் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்திருந்தார்கள். கடைசியில் ஞானத்தாய்க்குத்தான் போன் போட்டு அழுதாள். சகாயராணி குமுளி வழியாகப் போய்க் கூட்டி வந்து, "மூச்சுத் திணறலாம், சிஸ்டருகளே அனுப்பிட்டாக" என்று பெற்றவர்களிடம் கூசாமல் பொய் சொன்னாள். அத்தனை வருசமும் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள். பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் தனியாக எங்கேயோ இருந்தாள் என்பது போதாதா நம்ம சனத்துக்கு.

கருத்தரங்கு நாள் வந்தது. வாசலில் பிளெக்ஸ் பேனர் கல்லூரியை மறைத்துக்கொண்டு நின்றது. தாளாளர், செயலர், பொருளாளர், அவர்களுடைய மருமகன்கள் எல்லாரும் அதில் சிரித்தார்கள். எந்த வார்த்தையைப் பற்றிய கருத்தரங்கு என்பது மட்டும் அடியில், அச்சடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தது.

தனியாகப் போகப் பயந்து ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள் சகாயராணி. வாசலில் ஒரு மாணவி அவளுடைய சேலையில் ரிப்பன் பூ ஒன்றைக் குத்திவிட்டுப் போனாள்.

"இதுல என்னத்தா போட்டிருக்கு?"

"முதன்மைச் சான்றுன்னு போட்டிருக்கு சின்னம்மா."

"அப்படின்னா?"

"தெரியல. சாட்சின்னு வச்சுக்கங்களேன்."

"சாட்சியா? நான் ஒண்ணையும் பாக்கலையேத்தா" என்று அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

கூட்டம் என்னவோ நல்ல கூட்டம். வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி மாணவர்களை உள்ளே விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். இறைவணக்கம் பாதியில் மாட்டிக்கொண்டது. பாட்டு திரும்ப வரும்வரை எல்லாரும் கைகட்டி நின்றார்கள். குத்துவிளக்கு மின்விசிறிக் காற்றில் அணைந்து அணைந்து போனது. விசிறியை நிறுத்தினால் தாளாளருக்கு வேர்க்கும். அதனால் போட்டோ எடுக்கிற வரைக்கும் விளக்கைச் சுற்றி நாலு பேராசிரியர்கள் நின்று கையால் காற்றை மறைத்தார்கள். பிறகு பொன்னாடை. மேடையில் இருந்தவர்கள் மேடையில் இருந்தவர்களுக்கே போர்த்தினார்கள். ஆளுக்கொரு கூடை பன்னீர் திராட்சை. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. வார்த்தை இன்னும் வந்தபாடில்லை.

முதல்வர் எழுந்தார். "இந்த வார்த்தைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்தக் கல்லூரியை நான் நடத்துவதே அதை வைத்துத்தான். எந்த ஆசிரியர் வேறு இடத்தில் வேலை தேடுகிறார், எந்த ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி முணுமுணுக்கிறார் என்பதெல்லாம் முதல் மணி அடிப்பதற்குள் என் மேசைக்கு வந்துவிடும். ஆனால் அது கிசுகிசு அல்ல. அதற்குப் பெயர் நிர்வாகம்."

ஆசிரியர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். யார் தட்டவில்லை என்று முதல்வர் ஒரு நோட்டம் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து வெளிநாட்டு அறிஞர் சசிதரன். "அந்தக் காலத்துல நம்ம மலையிலிருந்துதான் ஏலக்காய் கப்பல்ல போயி. ஏலக்காய் மட்டும் போகுமோ? தோட்டத்துல பெண்ணுங்க பேசின பேச்சும் சாக்கோட சேர்ந்து போயி. அப்போ அந்த வார்த்தைக்கு மூலம் எவிடெ? எங்க மலை!"

"எங்க மலைன்னா எது?" என்று தாளாளர் உட்கார்ந்த வாக்கில் கேட்டார். "குமுளி மலையா? மேகமலை ஏலக்காய் என்ன ஆச்சு?"

"மேகமலையும் உண்டு சார். பட்சே ஆதியில குமுளியாக்கும்."

"தண்ணியிலதான் தகராறு பண்றீங்கன்னு பார்த்தா வார்த்தையிலுமா?"

தாளாளர் சாமான்யத்தில் விடுகிற ஆள் இல்லை. அவருக்கும் மலையில் ஏலத்தோட்டம் உண்டு. சபை இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் ஆங்கில வார்த்தையின் மூலம் எந்த மலை என்று தீர்மானிக்கத் துணைக்குழு ஒன்று போடப்பட்டது. துணைக்குழுத் தலைவர் தாளாளரின் மருமகன். அவர் கணக்குத்துறை.

அதற்குப் பிறகுதான் சுகிர்தம் மேடம் பேசினாள். அன்றைக்கு நடந்ததில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். "ஆரம்பத்தில் இந்த வார்த்தைக்குக் கடவுள் வழியில் வந்த உறவு என்று அர்த்தம். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிறவரை அப்படிச் சொன்னார்கள். பிறகு நெருங்கிய தோழி என்றானது. பிரசவ வீட்டில் கூட இருக்கிற பெண்களை அப்படி அழைத்தார்கள். பெண்கள் கூடினால் பேசத்தானே செய்வார்கள். அதைப் பொறுக்காதவர்கள் அதற்கு வாயாடி என்று பொருள் வைத்தார்கள். கடைசியில் ஆள் போய்விட்டாள். பேச்சு மட்டும் அந்தப் பெயரில் நின்றுவிட்டது." அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. யாரும் காதில் வாங்கவில்லை.

டீ முடிந்ததும் செயல்விளக்கம். சகாயராணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பின்னால் திரையில் போட்டோ போடுவார்கள், முன்னால் பார்த்து நிற்க வேண்டும், திரும்பக்கூடாது, கேமராவுக்கு முகம் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். நேரலையில் அவளுடைய ஊர்க்காரர்களும் பார்க்கலாமாம்.

முதல் அர்த்தத்துக்கு அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்து ஏந்திக்கொள்ளச் சொன்னார்கள். ஏந்தினாள். பழக்கத்தில் அதைத் தோளில் போட்டுத் தட்டியும் கொடுத்தாள். அது கீச்சென்று கத்தியது. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது அர்த்தத்துக்கு ஒரு மாணவி சேலைக்குள் தலையணையை வைத்துக்கொண்டு பெஞ்சில் படுத்து முனகினாள், சகாயராணி பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்தை ஆண்கள் பார்ப்பது பண்பாடு அல்ல என்று முதல்வர் எழுந்து அறிவித்தார். ஆண்கள் எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சசிதரன் மட்டும் வெளிநாட்டு விருந்தினர் என்பதால் பக்கவாட்டில் பார்க்க அனுமதிக்கப்பட்டார். தலையணை பிறந்ததும் எல்லாரும் திரும்பிக் கைதட்டினார்கள்.

"இப்ப மூணாவது அர்த்தம்" என்று மேடம் மைக்கைச் சகாயராணி கையில் கொடுத்தாள். "ஊர்ல பொம்பளைங்க கூடினா பேசுவீங்கள்ல? அதே மாதிரி பேசுங்க. பேர் மட்டும் சொல்ல வேண்டாம். பேர் சொல்லலேன்னா தப்பில்ல. ஆராய்ச்சியில அப்படித்தான்."

சகாயராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மைக்கைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். முன் வரிசையில் ரீட்டா, பேசுங்க என்று தலையாட்டினாள். அந்தத் தைரியத்தில், தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் மீசைக்கு மை பூசிக்கொண்டு பூசைக்கு வந்து, மழையில் நனைந்து, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க நிற்கும்போது மை தாடையில் வடிந்த கதையைச் சொன்னாள். மண்டபம் அதிர்ந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகள் ஒரே குக்கரை வைத்துக்கொண்டு, விசில் கணக்கை வைத்தே சண்டை போடுகிற கதையைச் சொன்னாள். தூங்கிக்கொண்டிருந்த தாளாளர்கூட எழுந்து சிரித்தார். இத்தனை பேர் அவள் பேச்சுக்குச் சிரித்தது அவள் ஆயுசில் இல்லை. பந்தலுக்கு அடியில் குனிந்தே கிடந்தவளை யார் நிமிர்த்தி வைத்துக் கேட்டார்கள்? உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறிவிட்டது.

"அருமை! ஆனா இன்னும் கொஞ்சம் கனமா இருக்கணும்மா" என்றார் முதல்வர். "தரம் பார்க்க வர்ற டெல்லிக்காரங்க பார்க்கணும்ல."

"எங்களுக்குக் கதை பேசத்தான் தெரியும்னு நினைக்காதீக" என்றாள் சகாயராணி. அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஞானத்தாய்னா ரகசியத்தக் காப்பாத்தவும் தெரியும். பேரு சொல்ல மாட்டேன். எங்க ஊர்ல ஒரு புள்ள மடத்துக்குப் போச்சு…"

தான் எவ்வளவு கமுக்கமானவள் என்று காட்டத்தான், ஆண்டவரே, அதற்குத்தான் அவள் அதைச் சொன்னது. மடத்தை விட்டு வந்ததைச் சொன்னாள். எர்ணாகுளத்தைச் சொன்னாள். சேலை மடித்ததைச் சொன்னாள். பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறல் என்று கதை கட்டியதையும் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

"இன்னைக்கு வரைக்கும் பெத்தவுகளுக்குத் தெரியாது. நான் ஒருத்தி வாயத் தொறந்திருப்பனா?" என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்கு நின்றாள்.

யாரும் தட்டவில்லை. முன் வரிசையில் ரீட்டா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். "அக்கா, கொஞ்சம் பின்னாடி பாருங்க."

திரும்பினாள். திரை முழுக்கப் போட்டோ. வெள்ளைத் துணியில் சுற்றின குழந்தையோடு இளம் சகாயராணி நின்றாள். அடியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரிகிற பருமனில், ஞானத்தாய் சகாயராணி, ஞானமகள் ரீட்டா என்று போட்டிருந்தது. ஊர்ப் பேரும் போட்டிருந்தது. அந்த ஊரிலிருந்து மடத்துக்குப் போய்த் திரும்பினவள் ஒருத்திதான்.

வெட்கத்தில் சகாயராணிக்கு அங்கனயே உயிர் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. மைக்கைக் கீழே வைக்கவும் தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சடிப்பது ஒலிபெருக்கியில் கேட்டது.

முதல்வர்தான் துள்ளி எழுந்தார். "மூன்று அர்த்தங்களும் ஒரே பெண்மணியிடம்! எந்த நாட்டுக் கருத்தரங்கிலாவது இப்படி நடந்திருக்குமா?" பொன்னாடை போர்த்தினார். கையில் சான்றிதழைத் திணித்தார். அது முந்தின வாரமே அச்சாகி வந்தது, மிகச் சிறப்பாகப் பங்களித்தார் என்று போட்டிருந்தது.

"ஐயா, உங்க கால்ல விழுறேன், நான் பேசினத அழிச்சிருங்க."

"அதை அழிக்க முடியாதும்மா. அதுதான் ஆதாரம். வேணும்னா காலையில நாங்க பேசினதை எல்லாம் அழிச்சுக்கலாம். அதுல ஒண்ணும் இல்ல."

சாப்பாட்டுக்கு எல்லாரும் முண்டியடித்துப் போனபிறகு, வராந்தாவில் சுகிர்தம் மேடம் ரீட்டாவை நிறுத்திக் கேட்டாள். சகாயராணி தூணோடு தூணாக நின்றாள்.

"நிஜமாம்மா?"

"நிஜம் மேடம். ஊருக்கு வர வெட்கமா இருந்துச்சு. கடையில சேலை மடிச்சேன். விடுதியில இருந்தேன். அவ்வளவுதான்."

"நான் நம்புறேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனா நாலு பேரு பேசுவாங்களேம்மா. பேச்சு எங்க கிளம்பி எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். நான் அதுலதானே டாக்டர் பட்டம் வாங்கினேன். நாங்க கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்."

"மேடம், எம்மேல உள்ள கோவத்த இவ மேல காட்டிறாதீக" என்று சகாயராணி கையைப் பிடித்தாள். மேடம் கையை உருவிக்கொள்ளவில்லை. நன்றியுரை சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஊர் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ரீட்டா ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். உத்தமபாளையத்தில் ஏறின தெருக்காரி ஒருத்தி கையில் போனை வைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி இவர்களைப் பார்த்தாள். "நல்லாப் பேசுனீகக்கா" என்றாள். சகாயராணிக்குத் தோலை உரித்தமாதிரி இருந்தது. பொன்னாடையைச் சுருட்டி மடியில் மறைத்தாள். வழி நெடுக என்ன சொல்லலாம் என்று யோசித்து யோசித்து, எதைச் சொன்னாலும் அதுவும் பேச்சாகத்தானே போகும் என்று வாயைக் கடித்துக்கொண்டாள்.

ரீட்டாவின் வீட்டு வாசலில் அவளுடைய அப்பாவின் செருப்பு கிடந்தது. தோட்டத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார் போல. உள்ளே சத்தமில்லை.

"நான் வந்து உங்கப்பாகிட்ட எடுத்துச் சொல்றேன்த்தா. எல்லாம் என்னாலதான், நான்தான் மறைக்கச் சொன்னேன்னு சொல்லிர்றேன். எம்மேல விழட்டும்."

ரீட்டா அழவில்லை, கோபப்படவுமில்லை. பொன்னாடை சகாயராணியின் முந்தானையில் சிக்கியிருந்ததை எடுத்துவிட்டாள்.

"வேணாம் சின்னம்மா. ஞானஸ்நானத்தப்ப எனக்கு வாய் பேச வராது. சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்காக நீங்கதான் பதில் சொன்னீக. இப்ப எனக்குப் பேச வரும். நானே பேசிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

கதவைச் சாத்தவில்லை, சும்மா ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சகாயராணி தெருவிலேயே நின்றாள். உள்ளே அப்பா ஏதோ கேட்பதும் ரீட்டா பதில் சொல்ல ஆரம்பிப்பதும் காதில் விழுந்தது. என்ன வார்த்தை என்று தெரியவில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்தால் தெரிந்துவிடும். காதைப் பொத்திக்கொண்டு வேகமாகத் தெருமுனைக்கு நடந்தாள்.